சித்தி வீட்டு வாடகை

2024 அக்டோபரில் ஆஸ்திரேலிய அரசு இந்தியர்களுக்கென்று ஒரு குலுக்கல் நடத்தியது. வயது பதினெட்டுக்குக் குறையாமலும் முப்பதைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும் பான் கார்டு எண்ணும் கொடுத்து, 25 டாலர் கட்டிப் பெயரைப் பதிய வேண்டும். கணினி எடுக்கும் பெயர்களுக்கு ஓராண்டு விசா கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை கிடைக்கும். ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தில், ஒயினுக்கும் ஆட்டிறைச்சிக்கும் வரிச்சலுகை பேசிய கையோடு, ஆண்டுக்கு 1,000 இளைஞர்கள் என்று இதையும் எழுதிக்கொண்டார்கள். குலுக்கல் திறந்த இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய 40,000 பேர் பதிந்துவிட்டதாக அமைச்சர் ஒருவர் சொன்னார்.

மதுரையில் இருக்கும் என் பெரியம்மா மகளின் மகளுக்குப் பெயர் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் குலுக்குச் சீட்டுக்கூட யாருக்கும் கடைசி மாதத்துக்கு முன்னால் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அவளுக்குக் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை, வயது இருபத்தேழு, வீட்டில் ஜாதகக் கட்டு மேசைமேல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவள் ஏன் பணம் கட்டிப் பெயர் கொடுத்தாள் என்பது விளங்கும். மேல்படிப்பு என்று சொல்லி ஒரு பெண் வீட்டில் இரண்டு வருடம் வாங்கலாம், ஆனால் அதற்குக் கல்விக் கடன் வாங்க வேண்டும். கடன் இல்லாமல் ஒரு வருடம் வாங்கித் தருகிற காகிதம் இதுதான். அவளைப் பெற்ற அக்காவும் இறங்கி வந்தாள். "ஒரு வருசந்தான, வந்ததும் பாத்துக்கிடலாம்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் கேட்டாள்: "அங்கிட்டு நமக்கு யாரு இருக்கா?"

அந்தக் கேள்விக்கு விடை நான்.

விசா விதிகளில் சித்தி எங்கும் வருவதில்லை. கையிருப்பு 5,000 டாலர் காட்ட வேண்டும், உடல்நலம் சரியாக இருக்க வேண்டும், பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது, ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, நான்கு மாதத்துக்கு மேல் படிக்கக் கூடாது. இந்த ஏற்பாடு 1975இல் தொடங்கியபோது பிரிட்டன், அயர்லாந்து, கனடா நாட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பள்ளியோ கல்லூரியோ முடித்துவிட்டு முதுகில் ஒரு பையோடு புறப்படுகிறவர்கள். இரவுக்கு இரவு ஊர் மாறுகிறவர்கள். வீட்டுக்கு ஒரு தபால் அட்டை போட்டால் கடமை முடிந்தது என்கிறவர்கள். விதிகளை எழுதியவர்கள் மனத்தில் இருந்த உருவம் இன்னமும் அதுதான், தனி ஆள். எங்கள் பெண் வந்து இறங்கியபோது முதுகுப்பை இல்லை. 23 கிலோ பெட்டி இரண்டு, ஒன்றில் பாதி எனக்கு. அப்பளம், பருப்புப் பொடி, இட்லித் துணி, என் மகளுக்குப் பாவாடை சட்டை, என் கணவருக்கு வேட்டி. அவள் எங்கள் வீட்டில் காலெடுத்து வைக்குமுன்பே முன்பணம் வந்து சேர்ந்துவிட்டது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. துணி அளவு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

உறவினர் வீட்டில் தங்கி வேலை தேடுவது நமக்குப் புதிதில்லை. சென்னையில் ஒரு தலைமுறைக்கு இரண்டே வழி இருந்தது, திருவல்லிக்கேணி மேன்ஷன் அல்லது மாமா வீடு. மேன்ஷனில் மூட்டைப்பூச்சி உண்டு, பொதுக் கழிவறை உண்டு, மாதம் பிறந்தால் வாடகை. கொடுத்துவிட்டால் எந்நேரமும் வரலாம், போகலாம். மாமா வீட்டில் வாடகை இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்பது, விடிகாலையில் பால் பூத்துக்குப் போவது, மாமா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, அத்தைக்கு மாத்திரை வாங்கி வருவது எல்லாம் உண்டு. அவற்றை யாரும் வேலை என்று சொன்னதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று வாய்க்கு வாய் சொல்கிற பெரியவர்களில் பாதிப் பேர் மூன்று வருடம் அப்படித் தங்கிப் படித்தவர்கள். "அவரு வீட்டுலதான் இருந்து படிச்சேன்" என்று அவர்கள் நன்றியோடு சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும். அங்கே எத்தனை நாள் பசியோடு படுத்தார்கள் என்பது வேறு யாராவது இறந்த வீட்டில், பேச்சோடு பேச்சாகத்தான் வெளியே வரும்.

கொழும்பிலும் இப்படி இரண்டு வழி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞர் வேலைக்குப் போன இளைஞர்கள் பலர் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீடெடுத்து, ஒரு சமையல்காரரை வைத்து, மாதக் கடைசியில் செலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதைச் சம்மரி என்றார்கள். சம்மரி வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரல் இறங்கி நான் கேட்டதில்லை.

இதில் எல்லாரையும்விடத் தெளிவாக இருந்தவர்கள் நகரத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் அவர்கள் நடத்திய வட்டிக்கடைக் கிட்டங்கிகளுக்கு ஊரிலிருந்து பையன்கள் போனார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகலாம். அனுப்புகிறவர் பங்காளியாகவோ மாமனாகவோ இருந்தாலும் சம்பளம் எவ்வளவு, தவணை மூன்றாண்டா, முன்பணம் எத்தனை என்பது புறப்படுமுன் எழுத்தில் இருக்கும். அவர்களும் உறவுக்குள்தான் ஆளெடுத்தார்கள், ஆனால் உறவைக் காட்டிக் கணக்கைக் குழப்பவில்லை. வட்டித்தொழில் செய்தவர்கள் என்பதால் வந்த கறார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அதை மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீடு சிட்னியின் மேற்கே, டூங்காபி பக்கம். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று வரிசையாகத் தமிழ்க் குரல் கேட்கும் ரயில் நிலையங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் வாரம் ஒரு ஏமாற்றம் இருக்கும்: இதற்கா இத்தனை தூரம் வந்தோம், தோசை மாவு பாக்கெட் இங்கேயும் விற்கிறதே என்று. இவளுக்கு அந்த ஏமாற்றமும் இல்லை. ஓபரா ஹவுஸ் பார்த்தாள், மேஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தாள், பாரமட்டாவில் ஒரு துணிக் கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்குகிற வேலை தேடிக்கொண்டாள். கோயம்புத்தூரில் குளிரூட்டிய அறையில் மென்பொருள் சோதித்தவள் இங்கே கத்தியால் அட்டைப்பெட்டி கிழிப்பதைப் பற்றி அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசாமலே முடிவு செய்துகொண்டோம்.

வீட்டில் அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்ட தட்டை யாரும் எழுவதற்கு முன் எடுத்துப்போய்க் கழுவுவாள். நான் அடுப்படிக்கு வந்தால் அவளும் வந்து நிற்பாள், செய்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும். இரவில் ஹீட்டர் போட மாட்டாள், ஜூன் மாதக் குளிரில்கூட. துணி மடித்தாள், என் மகளின் பாடத்தைப் பார்த்தாள், என் கணவருக்குச் சர்க்கரை குறைத்த காப்பி எப்படி என்று கற்றுக்கொண்டாள். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு செய்தாள், அதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது. எங்கள் வீட்டு சோஃபாவில் அவள் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, விளிம்பில்தான். கூப்பிட்டால் எழுந்து வரத் தோதாக.

இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குப் பதினாறு வயது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எந்த விகற்பமும் இல்லாமல் கேட்டாள்: "அக்கா எவ்ளோ போர்ட் குடுக்கிறாங்க?" இந்த நாட்டில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளையிடம் பெற்றவர்களே வாரா வாரம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை வாங்குவதுண்டு. எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் யாரும் அதை வினோதமாக நினைப்பதில்லை. அவளுடைய வகுப்புத் தோழியின் அண்ணன் கொடுக்கிறான், அதனால் கேட்டாள். என் கணவருக்குச் சோறு இறங்கவில்லை. "சொந்தக்காரப் புள்ளகிட்ட வாடக வாங்கினா ஊர்ல தல காட்ட முடியுமா?" என்றார். எந்த ஊர் என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி, நாங்கள் ஊரில் தலைகாட்டுவது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் கல்யாணத்துக்கு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அந்த மாத இறுதியில் புளூபெர்ரி பறிக்கப் புறப்பட்டுப் போனாள்.

காரணம் எங்கள் மேசைப் பேச்சு இல்லை என்று சத்தியம் செய்தாள். உண்மைக் காரணமும் அவளிடம் இருந்தது. ஓராண்டு விசாவை இரண்டாக்க வேண்டுமென்றால் நகரத்துக்கு வெளியே, அரசு குறித்திருக்கும் அஞ்சல் எண் பகுதிகளில், அரசு குறித்திருக்கும் வேலைகளில் மூன்று மாதம் கழிக்க வேண்டும். 88 நாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மூன்றாம் ஆண்டு வேண்டுமென்றால் இன்னும் ஆறு மாதம். தோட்டம், ஆட்டுப்பண்ணை, மீன்பிடி, மரம் வளர்ப்பு, கட்டடம். உள்ளூர்க்காரர்கள் போகத் தயங்கும் வேலைகள். 2005இல் இந்த இரண்டாம் ஆண்டு ஆசை காட்டப்பட்டபோதே இது விடுமுறை ஏற்பாடு என்பது போய், அறுவடைக்கு ஆள் பிடிக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் விசாவின் பெயரில் இருக்கும் விடுமுறையை மட்டும் எடுக்கவில்லை. 2024 ஜூலையிலிருந்து பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்த 88 நாள் இல்லாமலே மூன்று ஆண்டு இருக்கலாம்; அவர்கள் வணிக ஒப்பந்தத்தில் அதைப் பேசி வாங்கிக்கொண்டார்கள். யாருடைய முதுகு வளைய வேண்டும், யாருடையது வேண்டாம் என்பதைப் பாஸ்போர்ட்டின் நிறம் தீர்மானிக்கிறது.

எங்கள் பெண்ணுக்கோ 88 நாள் என்பது இன்னொரு வருடம், அக்காவின் மேசைமேலிருக்கும் ஜாதகக் கட்டுக்கு எதிராக. அந்தக் கணக்கில் அவள் முதுகு வலியைப் பொருட்படுத்தவில்லை.

அவள் போன ஊர் வுல்கூல்கா. சிட்னியிலிருந்து வடக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், காஃப்ஸ் ஹார்பர் தாண்டிப் போக வேண்டும். காஃப்ஸ் ஹார்பரில் சாலையோரம் 1964இல் கட்டிய ஒரு பிரம்மாண்டமான சிமெண்ட் வாழைப்பழம் நிற்கிறது, இன்னமும் குடும்பங்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றன. வாழைத் தோட்டங்கள் பெரும்பாலும் போய்விட்டன, மலைச்சரிவெங்கும் வெள்ளை வலைக்குக் கீழே புளூபெர்ரிச் செடிகள். அந்த வாழையை வைத்து வளர்த்தவர்களில் பஞ்சாபிகள் நிறையப் பேர். கரும்பு வெட்ட வடக்கே வந்தவர்களில் சிலர் 1940களில் இந்தப் பக்கம் இறங்கி, கூலியாக இருந்து, குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் குருத்வாரா 1968இல் திறந்தது சிட்னியிலோ மெல்பர்னிலோ இல்லை, இந்தச் சிறு கடற்கரை ஊரில்.

வசந்த காலத்தில், பறிப்பு மும்முரமாக இருந்தபோது போய்ப் பார்த்தேன். அக்கா தினமும் போன் செய்து ஹாஸ்டல் எப்படி, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. 2000இல் குவீன்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்ற ஊரில் பழம் பறிக்கும் இளைஞர்கள் தங்கியிருந்த விடுதி எரிந்து 15 பேர் செத்தார்கள். இங்கே நெடுநாளாக இருப்பவர்கள் அதை மறப்பதில்லை. விடுதியில் புகைக்கருவி இருக்கிறதா, பின்வாசல் பூட்டாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

இரண்டடுக்குக் கட்டில்கள், ஒரு அறையில் ஆறு பெண்கள். தைவான், சிலி, எஸ்தோனியா. வாடகை வாரா வாரம், முன்கூட்டியே. வேனில் தோட்டத்துக்குக் கூட்டிப்போகத் தனிக் காசு. சமையலறை அலமாரியில் ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது, நம் பிள்ளை இப்படி ஒரு இடத்திலா என்று. அவளோ கால்களை நாற்காலிமேல் நீட்டிப் போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, வாயில் சோற்றோடு பேசினாள். சிலிக்காரப் பெண்ணிடம் எண்ணெய்க் கறையைத் துடைக்காமல் போனாய் என்று சண்டை போட்டாள். தன் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, "அப்புறம் கழுவிக்கிடுவேன் சித்தி" என்றாள். என் வீட்டில் இருந்த மாதங்களில் இந்தப் பெண்ணை நான் சந்திக்கவே இல்லை.

மறுநாள் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். இடுப்பில் கட்டிய வாளி. பழத்தைப் பிடுங்கக் கூடாது, பெருவிரலால் உருட்டி உள்ளங்கையில் விழ வைக்க வேண்டும். மேலே படிந்திருக்கும் வெண்பூச்சு அழிந்தால் தரம் குறைந்துபோகும். காம்புப் பக்கம் சிவப்பு தெரிந்தால் விட்டுவிட வேண்டும், இரண்டு நாளில் பழுக்கும். ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கில் உருட்ட வேண்டும். கூலி எடைக்கு. மழை வந்தால் ஈரப் பழம் பறிக்க மாட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் முழு வேலை என்றால் விசாக் கணக்கில் ஏழு நாளாகச் சேரும். மழையில் மூன்று நாள்தான் வேலை என்றால் மூன்றே. வானத்தைப் பார்த்து நாள் எண்ணுகிற விவசாயியின் பேத்தி அவள். சிவகங்கைப் பக்கம் மழை வராதா என்று அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், இவள் வந்துவிடுமோ என்று பார்க்கிறாள்.

முன்பெல்லாம் எடைக்கூலிக்கு அடித்தளம் கிடையாது. புதிதாக வந்து விரல் பழகாத பிள்ளை நாள் முழுக்கப் பறித்தாலும் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் பற்றாது. ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் வழக்காடி, 2022 ஏப்ரல் 28 முதல் எடை எவ்வளவு குறைந்தாலும் மணிக்கணக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று வாங்கிக் கொடுத்தது. எழுத்தில் இருப்பது கைக்கு வர வேண்டுமே. முதல் இரண்டு வாரம் காண்ட்ராக்டர் இவளுக்குப் பே ஸ்லிப் தரவில்லை. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இவள் தான் குறித்து வைத்திருந்த மணிக்கணக்கையும் வாளிக் கணக்கையும் தேதி போட்டு அனுப்பினாள். பிழை பிடித்துப் பட்டியல் போடுவதுதானே கோயம்புத்தூரில் செய்த வேலை. மூன்றாம் வாரம் எல்லாருக்கும் சேர்த்து வந்தது. பிறகு அந்த ஆள் இவளைப் பார்த்தால் பாதை மாறிப் போனான்.

பிடித்தங்களும் உண்டு. உள்ளூர்க்காரருக்கு முதல் 18,200 டாலருக்கு வரி இல்லை. இந்த விசாவில் வந்தவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். முதலாளி ஓய்வூதியத்துக்கென்று கட்டும் பணத்தை நாட்டை விட்டுப் போகும்போது எடுக்கலாம், அப்போது 65 சதவீதம் அரசுக்கு. கிழவியாகும்வரை இருக்கப் போகாதவளுக்கு ஓய்வூதியம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குருத்வாராவுக்குப் போய் லங்கர் என்னும் பொதுப் பந்தியில் சாப்பிடுவாள், என்னையும் கூட்டிப்போனாள். சப்பாத்தி, பருப்பு, பாயசம் மாதிரி ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்ச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றேன், பழக்க தோஷம். அவளும் பக்கத்தில் நின்று கழுவினாள், பாட்டுப் பாடிக்கொண்டு. என் வீட்டில் கழுவியபோது பாடியதில்லை. அங்கே சாப்பாடு போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. கோதுமை ஒருவர் தந்திருப்பார், பருப்பு இன்னொருவர், பிசைந்தவர் வேறொருவர். நன்றி சொல்வதற்கு ஒரு முகம் இல்லாததால் கடனும் இல்லை. என் வீட்டில் முகம் இருக்கிறது. அந்த முகம் எத்தனை அன்பாக இருக்கிறதோ அத்தனை கடன். இலவசம் என்பதாலேயே அவளுக்கு என் வீடு எல்லாவற்றிலும் விலை கூடியதாகிவிட்டது.

அவள் சிட்னிக்குத் திரும்பிய பிறகு நடந்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், அவளை ரொம்பவும் பாதித்தது அதுதான். முருகன் கோயிலில் ஒரு பின்னேரம் இலங்கைத் தம்பி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். படகில் வந்தவர், பத்து வருடத்துக்கு மேல் பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக அனுமதி, அதுவும் தவணைக்குத் தவணை. தக்காளி, திராட்சை, கோழி என்று பறிக்காததும் வெட்டாததும் இல்லை. இவள் தன் 88 நாள் கதையைச் சொன்னாள். அவர் சிரித்தார். "அப்ப உங்களுக்கு இது ஹொலிடேயோ தங்கச்சி?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

பிலோயெலா குடும்பத்தின் கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு சின்னப் பெண்களோடு நடு குவீன்ஸ்லாந்தின் ஒரு சிற்றூரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பம். தகப்பன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். 2018 மார்ச்சில் விடியுமுன் அதிகாரிகள் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மெல்பர்ன் தடுப்பு முகாம், கிறிஸ்மஸ் தீவு என்று நாலு ஆண்டு. ஊர்க்காரர்கள் விடாமல் போராடி, 2022 ஜூனில்தான் வீடு திரும்பினார்கள். இறைச்சிக்கூட வேலையும் அந்த 88 நாள் பட்டியலில் உண்டு. ஒரே கூடம், ஒரே கத்தி, ஒரே கொக்கி. இந்த விடுமுறை விசாவில் வந்த பிள்ளை அங்கே மூன்று மாதம் நின்றால் இன்னொரு வருடம் பரிசு. அந்த மனிதர் நின்ற நாட்களை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இந்த விசாவைப் பற்றி உற்சாகமாக எழுதும் பயணக் கட்டுரைகளைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. நாற்பதாயிரம் பேருக்கு நடுவே பெயர் விழுந்தவளுக்கும் அன்றைக்குப் பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது. தோட்டத்தில் எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வுல்கூல்காவில் நாட்கள் நிறைந்து, இரண்டாம் விசாவும் வந்து, அவள் மறுபடி எங்கள் வீட்டு அறைக்கே வரப்போவதாகச் சொன்னபோது நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். வாரம் 120 டாலர். கரண்ட், தண்ணீர், இண்டர்நெட் சேர்த்து. சாப்பாடு சேர்த்தி, அவளுக்குச் சமைக்கத் தோன்றும் நாளில் அவள் சமையல். அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நாங்கள் திறப்போம். வெளியே தனி அறைக்குக் கொடுப்பதில் இது பாதிகூட இருக்காது என்பது அவளுக்கும் தெரியும், அந்தப் பாதியில் சொந்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வேறு எதையோ தேடுகிற மாதிரி வந்து, "நூறு போட்டிருக்கலாம்" என்றார். அதை இறங்கி வந்ததாக எடுத்துக்கொண்டேன்.

அக்காவிடம் அவளே சொல்லிவிட்டாள். அரை மணிக்குள் போன் வந்தது. நான் பயந்ததுபோல் அழவில்லை, திட்டவும் இல்லை. யோசித்துவிட்டு, "சரி, வாங்கிக்க. அத அப்பிடியே சேத்து வச்சு அவ கல்யாணத்துக்கு ஒரு வளையலாப் போட்டுரு" என்றாள். எனக்கும் அந்த எண்ணம் ஒரு நிமிடம் வந்துபோனதுதான். வாடகையை வளையலாக்கித் திருப்பிக் கொடுத்தால் அது வாடகை ஆகாது. சபையில் வைத்துச் சீர் வரிசையில் எழுதப்படும், மறுபடி நான் கொடுத்தவள், அவள் வாங்கியவள். "இல்லக்கா, செலவாயிரும்" என்றேன். முதல் மாத வாடகையில் மின்கட்டணம் கட்டினேன், மீதியில் சமையலறைக் குழாயை மாற்றினேன்.

ஹீட்டர் போட ஆரம்பித்திருக்கிறாள். சோஃபாவில் என் இடத்தில் படுத்துக்கொண்டு என் மகளோடு ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறாள். போன வாரம் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "சித்தி, நீங்க இங்க வந்து புளியக் கொறச்சிட்டீங்க, மதுரயில இப்பிடி வச்சா அம்மாச்சி தட்டத் தூக்கி எறிஞ்சிரும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வியாழக்கிழமைச் சாம்பார் இனி அவள் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். புளி அதிகமாகத்தான் போடுகிறாள்.